லண்டோர்: காவல் காத்த அமைதி

சிவாலிக் குன்றுகளுக்கும் இமயத்தின் முதல் உயர்ந்த மலைத்தொடருக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறது டேராடூன். தெற்கிலிருந்து வருகிறவர்களை முதலில் எதிர்கொள்வது சால மரக்காடு. நெட்டையான மரங்கள், அகன்ற இலைகள், அடியில் சருகு மெத்தை. கார்த்திகை மாத வெயில் அந்த இலைகளின் வழியே வடிகட்டி இறங்கும்போது சூடு தெரிவதில்லை, வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

ஆவடியை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு டேராடூன் அந்நியமான பெயரல்ல. எங்கள் பக்கத்துக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கிகளுக்கு வேண்டிய குறிபார்க்கும் கருவிகள் டேராடூனில் உள்ள மின்னணு ஒளியியல் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. உடம்பு ஆவடியில், கண் டேராடூனில். வேலை மாற்றலாகிப் போய்வந்தவர்கள் சொல்லும் கதைகளில் அந்த ஊரின் லிச்சிப் பழமும் பாஸ்மதி அரிசியும் மாறாமல் இடம்பெறும். நான் போக நினைத்தது அதற்கும் மேலே, முசோரிக்கும் மேலே, சுமார் 2,275 மீட்டர் உயரம் வரை ஏறும் லண்டோர் என்ற சிற்றூருக்கு. ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரம்தான். ஆனால் உதகையில் இப்போது கிடைக்காத ஒன்று, வாகன இரைச்சல் இல்லாத ஒரு நடுப்பகல், அங்கே இன்னும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

டேராடூனிலிருந்து மலை ஏறும் பழைய வழி ராஜ்பூரில் தொடங்குகிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன் இங்கிருந்துதான் குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமக்கும் டண்டியிலும், பெரும்பாலோர் கால்நடையாகவும் ஏறினார்கள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் மலை முகம் முழுக்கப் பச்சை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்களுக்கு அந்த முகம் வேறாகத் தெரிந்திருக்கும். முசோரி மலையின் வயிற்றில் உயர்தரச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதை வெடி வைத்துத் தகர்த்து லாரி லாரியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாகக் காயங்கள். உடைந்த கல்லும் மண்ணும் மழையில் சரிந்து கீழே வயல்களை மூடின, சுனைகள் வற்றின.

1983இல் டேராடூனைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. நிபுணர் குழு வந்து குவாரி குவாரியாகப் பார்த்தது. 1985 மார்ச் 12 அன்று பல குவாரிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வேலை போகும், முதல் போகும் என்ற வாதங்களை எடைபோட்ட பிறகும், மக்கள் நல்ல சூழலில் வாழ அது கொடுத்தே ஆகவேண்டிய விலை என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். இந்தியாவில் சுற்றுச்சூழலுக்காக நடந்த முதல் பெரிய வழக்குகளில் ஒன்று இது. காயம்பட்ட சரிவுகளில் மரம் நட்டவர்களில், 1982இல் கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்களைக் கொண்டு தொடங்கிய சூழல் காப்புப் படையினரும் உண்டு. எல்லையில் துப்பாக்கி ஏந்தியவர்கள் சொந்த மலைக்கு வந்து கன்று சுமந்து ஏறினார்கள். ராஜ்பூரிலிருந்து இன்று தெரியும் பச்சைக்குள் ஒரு தீர்ப்பும் அவர்கள் வியர்வையும் கலந்திருக்கின்றன.

முசோரியில் அந்தப் பச்சை சற்று மறைகிறது. மால் ரோட்டில் விடுதிகளின் மாடிகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. சோளக்கதிர் சுடும் புகை, பலூன் சுடும் கடை, சால்வைக் கடைகள், படம் எடுத்துக்கொள்ளும் புதுமணத் தம்பதிகள். இந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் முசோரிக்கென்று ஆழமான நினைவுகள் உண்டு. 1959இல் திபெத்திலிருந்து தப்பி வந்த தலாய் லாமா தர்மசாலா போவதற்கு முன் ஓராண்டு இங்கேதான் தங்கினார். ஹேப்பி வேலியில் இன்றும் திபெத்தியக் குடியிருப்பும் பள்ளியும் இருக்கின்றன. அதே 1959இல்தான் இந்திய ஆட்சிப்பணி அதிகாரிகளுக்கான பயிற்சி அகாதமியும் இங்கு வந்தது. நம் மாவட்ட ஆட்சியர்கள் அத்தனை பேரும் இந்த மலையின் குளிரில் சில மாதங்கள் நடுங்கியவர்கள்தான். தனி மாநிலம் கேட்டுப் போராடியவர்கள் மீது 1994 செப்டம்பர் 2 அன்று துப்பாக்கிச் சூடு நடந்ததும் இந்த ஊரில்தான். அன்று இறந்தவர்களுக்கான நினைவிடத்தின் முன் நின்றேன். மலைக்காரர்கள் சாந்தமானவர்கள் என்று சமவெளியில் சொல்லிக்கொள்கிறோம். 2000 நவம்பரில் பிறந்த உத்தராகண்ட் மாநிலம் சாந்தத்தால் மட்டும் கிடைத்ததல்ல.

மால் ரோட்டின் கிழக்கு முனை தாண்டி, மணிக்கூண்டு தாண்டி, லண்டோர் கடைவீதி தொடங்குகிறது. இரண்டு பேர் கைகோத்து வந்தால் மூன்றாமவர் ஒதுங்க வேண்டிய அகலம். பித்தளைப் பாத்திரக் கடை, தையல்காரர், வெல்லமும் பருப்பும் மூட்டையில் வைத்திருக்கும் மளிகைக் கடை. அந்த மளிகைக் கடையில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ‘மண்டுவா’ என்று கடைக்காரர் அள்ளிக் காட்டியது நம் கேழ்வரகு. ‘ஜங்கோரா’ என்றது குதிரைவாலி வகை. ‘கஹத்’ என்றது சாட்சாத் கொள்ளு. கார்வால் மலைக்காரர்கள் மானாவாரி வயலில் ‘பாரஹ் நாஜா’, அதாவது பன்னிரண்டு தானியம் என்று, பலவற்றையும் கலந்து விதைக்கிறார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று வயிற்றை நிறைக்கும். கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும் அன்று என் மதியச் சாப்பாடு. கொள்ளு உடம்புக்குச் சூடு, குளிருக்கு நல்லது என்று பரிமாறியவர் சொன்னார். என் பாட்டியும் அதைத்தான் சொல்வார்.

கடைவீதி முடிந்ததும் ஏற்றம் செங்குத்தாகிறது. வழியில் முல்லிங்கர் என்ற பழைய மாளிகை. ஃப்ரெடெரிக் யங் என்ற அயர்லாந்துக்காரப் படை அதிகாரி 1825 வாக்கில் கட்டியது; இந்த மலையில் எழுந்த முதல் நிலையான வீடுகளில் ஒன்று. அவர்தான் கூர்க்கா வீரர்களைக் கொண்டு சிர்மூர் படையை அமைத்தவர். அதற்கடுத்து 1827இல் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே நோயாளி வீரர்களுக்கான தேறுமனையை அமைத்தது. வேல்ஸ் நாட்டு லான்டௌரோர் கிராமத்தின் பெயரை மலைக்கு வைத்தார்கள். அது நம் நாக்கில் லண்டோர் ஆனது. காலராவும் மலேரியாவும் சமவெளியில் கொன்றதில் மிஞ்சியவர்கள் இங்கே வந்து மூச்சு வாங்கினார்கள். செவிலியர் தங்கிய பகுதி சிஸ்டர்ஸ் பஜார் என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

உச்சிக்கு அருகே சார் துகான். நான்கு கடைகள் என்று பெயர். தேநீரும், ரொட்டிக்குள் வைத்த ஆம்லெட்டும், நூடுல்ஸும் கிடைக்கும். எதிரே 1840ஐ ஒட்டி வழிபாட்டுக்கு வந்த செயின்ட் பால் தேவாலயம், மஞ்சள் பூச்சும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக. 1859இல் இங்கே திருமணம் செய்துகொண்ட கார்பெட் தம்பதியின் மகன்தான் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்ட ஜிம் கார்பெட்.

தேநீர்க் கடையில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் டெஹ்ரிக்காரர். “சாப், மதராஸ் பக்கமா? ஓட்டல் சமையலறையில் என் தம்பி இருக்கிறான் அங்கே,” என்று ஆரம்பித்தார். ஊர் எது என்று கேட்டதும் கை நீட்டிக் கிழக்குப் பக்கம் காட்டினார். “அந்த மலைக்குப் பின்னால். ஆனால் இப்போது தண்ணீருக்கு அடியில்.” பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத்தில் எழுந்த டெஹ்ரி அணை நிரம்பத் தொடங்கியபோது, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், பழைய டெஹ்ரி நகரம் முழுதும் மூழ்கியது. சுந்தர்லால் பகுகுணா ஆண்டுக்கணக்கில் உண்ணாவிரதமும் போராட்டமுமாக எதிர்த்தும் அணை எழுந்தது. கோடையில் நீர் இறங்கும்போது பழைய ஊரின் சுவர்கள் தலைகாட்டும் என்றார் அவர். “பார்க்கப் போவீர்களா?” என்றேன். “அப்பா போவார். நான் போவதில்லை, பாயி சாப்,” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

எனக்குப் பூண்டி ஞாபகம் வந்தது. திருவொற்றியூரில் கண்பார்வை இழந்த சுந்தரர் எங்கள் திருமுல்லைவாயில் வந்து பாடினார். அடுத்துத் திருவெண்பாக்கம் போய் ஊன்றுகோல் பெற்றார் என்பது பெரியபுராண வழி. அந்தத் திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி ஏரிக்குள் போய்விட்டது. 1944இல் சென்னைக்குக் குடிநீர் தர அந்த நீர்த்தேக்கம் வந்தது. கோயிலைக் கரைமேல் வேறிடத்தில் எழுப்பினார்கள். தாகம் நியாயமானது, டெஹ்ரியின் நீரைப் பெறும் தில்லியின் தாகமும் நியாயமானதே. ஆனால் குழாயைத் திறக்கும்போது எந்த ஊர் அதற்குள் கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் டெஹ்ரிக்காரரின் முகத்தைப் பார்த்த பிறகு என்னை விடவில்லை.

சார் துகானிலிருந்து ‘சக்கர்’ என்ற சுற்றுப்பாதை உச்சியை வளைத்துப் போகிறது. லண்டோரின் சாரம் அந்தப் பாதைதான். இருபுறமும் தேவதாரு. பாஞ்ச் என்று இங்கே சொல்லும் கருவாலி மரங்களின் அடிமரத்தில் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கின்றன. பாஞ்ச் மரம் இருக்கும் இடத்தில் சுனை வற்றாது என்பது மலைப்பெண்களின் அனுபவ அறிவு. நடுநடுவே புராஞ்ச் மரங்கள். மாசி, பங்குனியில் சிவப்பாய்ப் பூக்கும், மற்ற மாதங்களில் அதன் சர்பத் கடைகளில் கிடைக்கும். அதன் நெருங்கிய உறவு நம் நீலகிரியில் காட்டுப்பூவரசாகப் பூக்கிறது. இடையே கிடக்கும் சமவெளியில் எங்கும் அது இல்லை. குளிர்ந்த ஒரு பழங்காலத்தில் இமயத்திலிருந்து தெற்கே பரவி, பூமி சூடேறியதும் மலையுச்சிகளில் மட்டும் ஒதுங்கிய இனம் என்று தாவரவியலார் விளக்குகிறார்கள்.

அந்தப் பாதையில் நடக்கும்போது கேட்பவை: ஊசியிலைகளில் காற்று, தூரத்தில் யாரோ விறகு பிளப்பது, லங்கூர் குரங்கு கிளை தாவுவது, பள்ளிக்கூட மணி. வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில். பழைய தகரக் கூரைகள், புகைபோக்கிகள். புதுக் கட்டடம் ஒன்றைத் தேடினேன், கண்ணில் படவில்லை. கீழே முசோரி வெடித்துப் பரந்திருக்க, ஒரே மலையின் மேல்பாதி மட்டும் எப்படித் தப்பியது?

விடை 1924. அந்த ஆண்டுக் கன்டோன்மென்ட் சட்டம் ராணுவக் குடியிருப்புப் பகுதிகளில் புதுக் கட்டுமானத்துக்கும் மரம் வெட்டுவதற்கும் கடுமையான தடை போட்டது. பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட் எல்லைக்குள் நுழைந்ததும் மரங்கள் திடீரென்று அடர்வதைப் பார்த்த சென்னைக்காரருக்கு இது புரியும். லண்டோர் கன்டோன்மென்ட்டாகவே நீடித்ததால் 1924இல் இருந்த வீடுகள்தான், சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்றும் அதன் வீடுகள். அந்தச் சட்டம் மலைமேல் கொண்ட அன்பில் எழுதப்பட்டதல்ல. ராணுவத்தின் வசதிக்காக எழுதப்பட்டது. இன்று அந்த வீடுகளில் ஒன்றை வாங்க எளியவர்களால் ஆகாது. அந்த வீடுகளுக்கு வேண்டிய சிலிண்டரையும் அரிசியையும் கீழேயிருந்து முதுகில் சுமந்து ஏறுகிறவர்கள் நேபாளத்திலிருந்து வந்த கூலிகள். பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஏறும் அவர்கள் மூச்சையும் சேர்த்துத்தான் அந்த அமைதியைக் கணக்கிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தடை தடையாக நின்றதால் ஒரு காடு பிழைத்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

சுற்றுப்பாதையின் ஒரு வளைவில் 1903இல் கட்டிய கெல்லாக் தேவாலயம். அதில் நடக்கும் மொழிப் பள்ளிக்கு நூறாண்டு வயது. வெளிநாட்டிலிருந்து வரும் பாதிரிமாருக்கு இந்தியும் உருதும் கற்பிக்கத் தொடங்கியது. இப்போது ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். சாமுவேல் கெல்லாக் 1870களில் இந்தி மொழிக்கு விரிவான இலக்கணம் எழுதிய அமெரிக்கப் பாதிரியார். 1899இல் இதே லண்டோரில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். நம் மொழிக்கு 1856இல் திராவிட ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்ததும், அங்கேயும் இதேபோல் அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளியும் தேவாலயங்களும் எழுந்ததும் நினைவில் ஓடின. கோடைக்குத் தப்பி மலையேறியவர்கள் சும்மா இருக்கவில்லை. வினைச்சொல்லையும் வேற்றுமை உருபையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இப்படி ஒரு நிசப்தம் வேண்டியிருந்திருக்கிறது.

லால் டிப்பா உச்சிக்கு விடியலுக்கு முன் போனேன். வடக்கே இருட்டில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முனை மட்டும் ரோஜா நிறம் கொண்டது, அடுத்தது, அதற்கடுத்தது. பந்தர்பூஞ்ச், சுவர்காரோகிணி, கேதாரநாத் சிகரங்கள், சௌகம்பா என்று பக்கத்தில் நின்ற காவலாளி ஒவ்வொன்றாகச் சுட்டிப் பெயர் சொன்னார். தொண்டை நாட்டில் சிவன் பாடல் கேட்டு வளர்ந்தவனுக்குக் கேதாரம் என்ற பெயர் தேவாரத்தில் வரும் பெயர். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றபடியே வடநாட்டுத் தலங்களை நினைந்து பாடியதாக மரபு சொல்கிறது. கேதாரமும் அவற்றில் உண்டு. பாடியவர்கள் பார்க்காத மலையைப் பார்க்க வாய்த்ததில் கர்வம் வரவில்லை, ஒரு கடமை உணர்ச்சி வந்தது. கண்ணால் பார்த்தவனுக்குக் காப்பாற்றும் பொறுப்பு கூடுதல்.

திரும்பும் வழியில் முசோரியின் மேற்குக் கோடி ஹாத்திபாவ்ன் பக்கம் போனேன். அங்கே புல்மேட்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் வாழ்ந்த வீடு. புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 1832 முதல் பதினோர் ஆண்டு அவர் இங்கிருந்து இந்தியாவை அளக்கும் வேலையை நடத்தினார். அந்த அளவை தொடங்கிய இடம் நம் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் மலையடியிலிருந்து பெரும்பாக்கம் திசையில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, நூறடிச் சங்கிலியை நிலை நிலையாக வைத்து அடிக்கோடு அளந்தார். 1794இல் தொடங்கிய மதராஸ் சர்வே பள்ளியில், அதாவது கிண்டிப் பொறியியல் கல்லூரியின் விதையில், படித்த இளைஞர்கள் அவருக்கு உதவியாளர்களானார்கள். அரை டன் எடைகொண்ட தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் அதை இழுத்துத் தட்டிச் சீராக்கினார். 1823இல் விதர்ப்பத்து ஹிங்கன்காட்டில் அவர் இறக்க, எவரெஸ்ட் தொடர்ந்தார். குமரி முனையிலிருந்து கிளம்பிய பெருங்கோடு சுமார் 2,400 கிலோமீட்டர் ஏறி வந்து முடிந்தது இந்த வீட்டுக்குப் பின்னால் தெரியும் பனோக் குன்றில். பிறகு அதே கணக்கு முறையில் ராதாநாத் சிக்தார் பதினைந்தாம் சிகரத்தின் உயரத்தைக் கணித்தார். 1865இல் அதற்கு எவரெஸ்ட் பெயர் சூட்டினார்கள். பரங்கிமலையில் பிடித்த நூலின் மறுமுனையைத் தொட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது எனக்கு.

அன்று மாலை மேற்கில் ‘குளிர்காலக் கோடு’ விழுந்தது. ஐப்பசி முதல் தை வரை முசோரி, லண்டோரிலிருந்து தெரியும் காட்சி அது. சூரியன் அடிவானத்தை எட்டுவதற்கு முன்பே, சமவெளியின் தூசுப்படலத்துக்கு மேலே இன்னொரு பொய் அடிவானம் நேர்கோடாக எழும். சூரியன் அதற்குப் பின்னே மறையும். கோட்டின்மேல் செம்மஞ்சளும் ஊதாவும் நிற்கும். கோட்டுக்குக் கீழே கிடந்த புழுதியில்தான் நாம் எல்லோரும் வாழ்கிறோம் என்று தோன்றியது.

எங்கள் ஊர்க் கதையை அங்கே வைத்து யோசித்தேன். திருமுல்லைவாயில் முல்லைக் காடாக இருந்த காலத்தில் தொண்டைமான் சக்கரவர்த்தி யானைமேல் வந்தான். யானையின் காலை முல்லைக்கொடிகள் சுற்றிக்கொண்டன. வாளை எடுத்து வெட்டினான். கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டுப் பட்டுக் குருதி பெருகியது. மாசிலாமணீசுவரர் மேனியில் அந்தக் காயத்துக்கு இன்றும் சந்தனக்காப்பு இட்டிருக்கிறார்கள். சித்திரையில் ஆண்டுக்கொரு முறை களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். காட்டை வெட்டினால் கடவுளுக்கு வலிக்கும் என்று இதைவிடத் துலக்கமாக எந்த ஊரும் சொல்லி வைத்ததில்லை. பௌர்ணமியன்று கொடியிடை நாயகியைக் கும்பிட வரும் கூட்டத்தில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் முல்லைக்காடு போயிற்று. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கத்து ஏரிகள் ஓரம் சுருங்கின. ஐப்பசி மழையில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி நம் தெருவுக்கு வருகிறது.

லண்டோரிலும் ராஜ்பூரிலும் நான் கண்டது ஒன்றுதான். அழகான இடங்கள் தானாக மிஞ்சுவதில்லை. யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட தேதியில் ‘கூடாது’ என்று சொன்னதால் மிஞ்சுகின்றன. அப்படிச் சொல்ல நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து கரையில் பூங்கா வைத்த பிறகு அங்கே மாலையில் நடக்கிறவர்களையும், நீரில் இறங்கும் பறவைகளையும் பார்க்கிறோம். செய்தால் முடியும் என்பதற்கு அது போதும். 1924 என்ற ஆண்டு ஒரு மலையைக் காத்தது காகிதத்தில் இருந்ததால் அல்ல. வந்த விண்ணப்பத்தை எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒருவர் மறுத்ததால். அந்த மறுப்பை நம் ஏரிக்கரை ஒவ்வொன்றிலும் கேட்டு வாங்குவது இங்கே குடியிருக்கும் நம் வேலை.